எட்டாவது குப்பி

காசிமேட்டில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய தெர்மாகோல் பெட்டி.
மூன்று நாள் மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்து வைத்தும்
வஞ்சிர வாசம் போகவில்லை.
உள்ளே ஒரு குண்டு பல்பு,
கொளத்தூர் மீன்தொட்டிக் கடையின் தெர்மோஸ்டாட்.
முப்பத்தேழு டிகிரியில் நிற்கும்,
கரண்ட் இருந்தால்.

பகலில் தண்டையார்பேட்டை லேபில்
ஊராரின் சர்க்கரையை அளக்கிறவள் நான்.
ராத்திரி, எர்ணாவூரில், இந்தப் பெட்டிக்கு முன்னால்
குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பேன்.

ராயபுரத்தில் கடற்பாசி கேட்டபோது
'பால் ஊத்தியா, இளநி ஊத்தியா?' என்றார் கடைக்கார பாய்.
மாட்டெலும்பு சூப் ஊத்தி என்றேன்.
சில்லறையை எண்ணாமலே தந்துவிட்டார்.

ஜீன் கூரியரில் வந்தது.
வடிதாளில் பென்சிலால் ஒரு வட்டம்,
வட்டத்துக்குள் கண்ணுக்கு ஒன்றுமில்லை.
அங்கேதான் எழுதியிருக்கிறது:
பாதரசம் தொட்டால் விழி,
விழித்தால் பச்சையாய் ஒளிர்.
அந்தப் பச்சை ஒரு கடல்சொறியுடையது என்றதும்
டில்லிபாபு கையை இழுத்துக்கொண்டான்.
'சொறியா? மேல பட்டா ராவெல்லாம் அரிக்குமே.'
இருபது வருஷமாக நண்டு வலை போடுகிறவன்.
முழங்காலுக்குக் கீழே எப்போதும் அரிப்புதான்,
அதற்குச் சொறி தேவைப்பட்டதில்லை.

ஐஸ் கம்பெனியில் உடைத்து வாங்கிய கட்டியில்
அரை மணி நேரம் பாக்டீரியாவைக் குளிரவைத்து
சட்டென்று நாற்பத்திரண்டு டிகிரிக்குத் தூக்க வேண்டும்.
மார்கழியிலிருந்து கத்திரிக்கு, நாற்பத்தைந்து விநாடி.
அந்தத் திடுக்கிடலில்தான் கதவு திறக்கும்,
எழுத்து உள்ளே போகும்.
நான் வாய்விட்டு எண்ணினேன்.
யாரும் சொல்லாமலே அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

மூன்று முறை தோற்றோம்.
ஒருமுறை கரண்ட் போய்.
ஒருமுறை ஏன் என்றே தெரியாமல்.
ஒருமுறை, 'மீட்டர் என்னா ஓட்டம் ஓடுது' என்று
ஹவுஸ் ஓனர் குணபூஷணம் பல்பைக் கழற்றிப் போனதால்.

நான்காம் முறை தட்டில் பன்னிரண்டு புள்ளிகள்,
ஊறிய ஜவ்வரிசி போல.
'பேரு வைக்கலாமா ஜெசிந்தா?'
இருபது நிமிஷத்துக்கு ஒரு பிரசவம்டா,
எத்தனை பேருக்கு வைப்பாய்?

கழிமுகத்தில் எட்டு இடம். எட்டு காலி பாட்டில்.
படகில் போய் மொண்டு வந்தான்,
தங்கச்சியின் நெயில்பாலிஷால் மூடிகளில் எண் போட்டு.
குப்பிகளில் ஊற்றி, ஒரு ராத்திரி விட்டு,
நீல விளக்கைப் போட்டேன்.
ஒன்று, லேசாக.
இரண்டு, மூன்று, அடுத்ததும் அதற்கடுத்ததும், பச்சை.
ஆறும் ஏழும் கோயில் சீரியல் பல்பு.
எட்டு இருட்டு.

எட்டு, குழாய் வந்து விழுகிற இடம்.
'அப்ப அங்க நல்ல தண்ணியா?' என்று கேட்டவன்
தானே சிரித்தான்.

அந்தக் குப்பியிலிருந்து ஒரு சொட்டைக்
கடற்பாசித் தட்டில் இழுத்துவிட்டேன்.
மறுநாள் ஒன்றும் முளைக்கவில்லை. அதற்கு மறுநாளும்.
சாட்சி சொல்ல அனுப்பியது
வாய் திறக்கும் முன்பே செத்திருந்தது.

நோட்டில் என்ன எழுத?
ஒப்பிட வைத்த கேன் தண்ணீருக்கும் சைபர்,
எட்டுக்கும் சைபர்.
பேனாவை மூடிவைத்தேன்.

மிச்சத்தையெல்லாம் குக்கரில் வைத்து அரை மணி நேரம்,
பிறகு பிளீச்சிங் பவுடரில் ஒரு ராத்திரி ஊறல்.
நாம் செய்த உயிர் ஒரு சொட்டுகூட
சாக்கடைக்குப் போகக்கூடாது, அது விதி.
டில்லிபாபு ஜன்னல் வழியே புகைபோக்கியைப் பார்த்தான்.
'இந்த ரூல்ஸை அவங்க கிளாஸ்ல நடத்தலியா?'

நான்காவது விசிலுக்குக் கீழேயிருந்து குணபூஷணம்:
'என்னாம்மா, கறியா?'

ஏழு பாட்டிலைக் கழுவியாகிவிட்டது.
எட்டாவதைக் கொட்டவில்லை.
எங்கே கொட்டுவது?
கட்டிலுக்கடியில் இருக்கிறது,
மூடியில் சிவப்பு நெயில்பாலிஷ்,
பெருக்கும்போது துடைப்பத்தில் இடிக்கும்.